நாலு விரல்

லிமாவில் மழை பெய்யாது.
ஜூன் பிறந்தால் சாம்பல் நிறத்தில் ஓர் ஈரம்
எங்கள் குன்றின்மேல் வந்து உட்காரும்,
கடன் கேட்க வந்து
கேட்காமலே இருக்கும் உறவினர்போல.
துணி காயாது. பீப்பாயும் நிறையாது.

தண்ணீர் லாரியில்தான்.
செவ்வாய், வெள்ளி. வந்தால்.
நீலப் பீப்பாய் ஒன்று நாலு சோல்,
நூற்றுப் பதினெட்டுப் படிக்கு மேலே
குழாயை இழுத்து வர அந்தப் பையனுக்குத் தனியாக.

இங்கே, மண் இல்லாமல்
லெட்டூஸ் வளர்க்கப்போகிறேன் என்றேன்.
வில்மர் சிரித்தான்:
"நம்மகிட்ட இலவசமா இருக்கிறதே மண்ணு ஒண்ணுதான்.
அதை விட்டுட்டுத் தண்ணியிலயா?"
மண் என்று அவன் சொன்னது
உப்பு, சரளை, பாட்டில் சில்லு.
இரண்டு வருடம் அதில் முள்ளங்கி போட்டு
நூல் அறுத்தவள் நான்.

கதவின் பின்புறம் சாக்பீஸில் கணக்கு.
மீன் சந்தைத் தெர்மோகோல் பெட்டி, சும்மா
(நாற்றம் போக ஒன்பது நாள்).
உள்ளே விரிக்கக் கறுப்புக் குப்பைப் பை.
யாரோ வீட்டுப் பிறந்தநாள் முடிந்து
பொறுக்கிய கப்புகள், எட்டு.
பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பாதி.
விதை மூன்று சோல்.
மருந்துக்கடை எடெல்மிராவிடம் சிரிஞ்சு, கடன்.
சத்துக் கரைசல் இரண்டு புட்டி, இருபத்தெட்டு.
அந்த வாரம் கோழி இல்லை.
கடைசியில் மோட்டார் என்று எழுதி
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

ஆணியைச் சுடவைத்து மூடியில் துளை போட்டேன்.
புகை கண்ணைக் கரித்தது.
இரண்டு புட்டியையும் நேருக்கு நேர் கலக்கக் கூடாது,
நடுவில் தண்ணீர் இல்லாவிட்டால் திரிந்துபோகும்,
நானும் நாத்தனார் ஸொய்லாவும் மாதிரி.
லிட்டருக்கு ஐந்து மில்லி முதலாவது.
கலக்கு. மூச்சு விடு.
பிறகு மற்றது, இரண்டு.

முதல் பெட்டியைப் பாசி தின்றது;
பையில் ஒரு கிழிசல், வெளிச்சம் புகுந்துவிட்டது.
அடுத்ததற்குத் தினமும் விளிம்புவரை ஊற்றினேன்,
எங்கள் குடிதண்ணீரிலிருந்து, ஆசையாக.
வேர் பழுத்துக் குழைந்தது.
"மூழ்கிச் செத்திருக்கு" என்றாள் எடெல்மிரா
முகர்ந்து பார்த்து.
காற்றுக் குமிழி விடணுமாம். மோட்டார்.
முப்பத்தைந்து சோல், கரண்ட் தனி.

மூன்றாவது பெட்டி வைத்த வாரம்
லாரி வரவில்லை.
செவ்வாய்.
வெள்ளி.
கீழே சாலையை வெட்டியிருக்கிறார்களாம்.
மறுபடி செவ்வாய்.
பீப்பாயின் அடியில் ஒரு சாண்.
குடிக்க. உருளைக்கிழங்கு வேகவைக்க.
ஜெர்சனின் பள்ளிச் சட்டையில் காலரை மட்டும் கசக்க.
பெட்டியை நான் திறக்கவே இல்லை.
பார்த்தால் ஊற்றிவிடுவேன்.

பன்னிரண்டாம் நாள்
கொட்டிவிட்டு வெங்காயம் போட்டு வைக்கலாம் என்றுதான்
மூடியைத் தூக்கினேன்.
கனத்தது.

தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது.
இறங்கிய இடத்தில், அந்த ஒன்றுமில்லாததில்,
பூனைக்குட்டியின் வயிற்று மயிராய்
வெள்ளை வேர்.
மேலே இருந்தது காற்றைத் தின்றுகொண்டிருந்தது,
கீழே இருந்தது
ஓடிப்போகும் தண்ணீரைத் துரத்தி நீண்டிருந்தது.
என்னால் வாங்க முடியாத மோட்டாரின் வேலையை
என்னால் ஊற்ற முடியாத தண்ணீர்
செய்து முடித்திருந்தது.

கதவுக்குப் பின்னால் போய்
மோட்டாருக்கு எதிரே எழுதினேன்:
நாலு விரல்.
அதற்காக லாரிக்காரனுக்கு நன்றி சொல்லும்
பெருந்தன்மை எனக்கு இல்லை.

எட்டில் ஆறு தேறின.
ஒன்று எடெல்மிராவுக்கு, சிரிஞ்சுக்கு ஈடாக.
ஒன்று ஸொய்லாவுக்கு,
நடுவில் ஜெர்சனை விட்டு.
ஒன்றைக் கிள்ளி
எலுமிச்சை பிழிந்து தட்டில் வைத்தேன்.
வில்மர் மென்றான், கூரையைப் பார்த்தான்,
இன்னும் மென்றான்.
"ஒண்ணும் ருசி இல்லையே.
தண்ணி மாதிரி இருக்கு."

தெரியும்.
பீப்பாய் நாலு சோல்.
மெதுவாகச் சாப்பிடு.